வேலூர் மாவட்டத் தென்னந்தோப்பில் கோகோ வருமா? ஆனைமலையில் ஒரு தோப்பைப் பார்த்துவிட்டுக் கேட்கிறேன்

பள்ளிகொண்டாத் தோப்பு எழுதியது:

வணக்கம். எங்களுக்குப் பள்ளிகொண்டா பக்கத்தில் பாலாற்றை ஒட்டித் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பா வைத்த மரங்கள், முப்பது வயதை நெருங்குகின்றன, இருபத்தைந்து அடி இடைவெளி, நடுவில் கோரையும் புல்லும் மண்டிக் கிடக்கிறது. வாழை வைத்துப் பார்த்தோம், காற்றில் சாய்ந்துபோகிறது. அதனால் ஆனைமலையில், சாக்லேட் செய்யும் கொட்டை தரும் கோகோ மரம் போட்டிருக்கும் உறவினர் ஒருவரின் தோப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நம் ஊரில் இது வருமா வராதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பார்த்ததை எழுதிவிடுகிறேன், இந்த மரத்தை நேரில் பார்க்காதவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள்.

தென்னைக்குக் கீழே, கை எட்டும் உயரத்தில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து நிறுத்தியிருக்கிறார்கள். பூ கிளை நுனியில் இல்லை. பலா காய்ப்பது மாதிரி அடிமரத்திலும் தடித்த கிளையிலும் பட்டையிலிருந்தே நேராக வருகிறது, சுண்டுவிரல் நகம் அளவுதான். ஒரு மரம் வருடத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கிறது, காயாவது நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. மகரந்தம் சேர்ப்பது தேனீ இல்லை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னப் பூச்சி. அழுகும் இலையிலும் காய் ஓட்டிலும்தான் அது பெருகும். அதனால் தோப்பு முழுக்கச் சருகு கணுக்கால் வரை கிடக்கிறது, யாரும் கூட்டுவதில்லை. நாம் தோப்பைப் பெருக்கிச் சருகைக் கொளுத்துவதைத்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். அங்கே அப்படிச் செய்தால் காய் பிடிக்காது.

காய் பழுக்க ஐந்து ஆறு மாதம் ஆகிறது. பச்சை மஞ்சளாகும், சிவப்பு ஆரஞ்சாகும். பறிக்கும்போது காம்பு இருக்கும் முடிச்சைக் கிழித்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி பூக்காதாம், அதனால் கையால் திருகாமல் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். உடைக்கக் கத்தி கிடையாது, உள்ளே கொட்டையில் வெட்டு விழுந்துவிடும் என்று கட்டையால் ஒரே தட்டு. முப்பது நாற்பது கொட்டைகள் வெள்ளைச் சதையோடு ஒட்டி வரிசையாக இருக்கும். சதையைச் சப்பினால் இனிப்பும் லேசான புளிப்பும், என் பெண் விடாமல் தின்றாள். ஆனால் கொட்டையைக் கடித்தால் ஊதா நிறம், நல்ல கசப்பு, சாக்லேட் வாசனை துளிகூட இல்லை.

2024-ல் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய் வரை போனது. அந்த விலையைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இந்த யோசனை.

காட்பாடி தோட்டக்கலை (பணி ஓய்வு) எழுதியது:

தம்பி, நன்றாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆனால் விலையை விட்டுவிட்டு முதலில் வெயிலைப் பேசுவோம்.

கோகோ அமேசான் காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த மரம். நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருபது பாகைக்குள்தான் உலகத்தில் பெரும்பாலும் விளைகிறது. வேலூர் பதின்மூன்று பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆக அட்சரேகையில் ஒரு குறையும் இல்லை. குறை மழையிலும் காற்றிலும். 1500 முதல் 2000 மில்லிமீட்டர் மழை, அதுவும் வருடம் முழுக்கப் பரவலாகப் பெய்தால் இந்த மரத்துக்குச் சந்தோஷம். நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆயிரம். அதிலும் தை முதல் சித்திரை வரை அநேகமாக ஒன்றும் இல்லை. மே மாதத்தில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, மேற்கே இருந்து வறண்ட காற்று அடிக்கும்போது கோகோவின் இலை ஓரம் கருகும், பிஞ்சு கருத்து மரத்திலேயே காய்ந்து நிற்கும்.

நிழல் அவசியம், இருபத்தைந்து முப்பது வயதுத் தென்னையின் கீழே விழும் வெயில் இதற்குச் சரியான அளவு. அந்த விஷயத்தில் உங்கள் தோப்பு பொருத்தம். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுங்கள். கோடையில் ஒரு கோகோ மரத்துக்குச் சொட்டுநீரில் தினம் இருபது லிட்டராவது போக வேண்டும். ஏக்கருக்கு 200 மரம் என்றால் 4000 லிட்டர், அது தென்னைக்குக் கொடுப்பதற்கு மேல்.

ஆம்பூர் பைபாஸ் எழுதியது:

எவ்வளவு தண்ணீர் என்பதோடு என்ன தண்ணீர் என்றும் கேளுங்கள் ஐயா. தோல் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி இத்தனை வருடம் ஆகிவிட்டது, எங்கள் பக்கம் பல கிணறுகளில் இன்னும் உப்புதான். தென்னை அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, காய் சிறுத்தாலும் காய்க்கிறது. கோகோ உப்பைத் தாங்காது. தென்னை நன்றாக இருக்கிறதே என்று பார்த்து முடிவு எடுத்தால் பணம் மண்ணில் போகும். ஒரு பாட்டில் தண்ணீரை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய் எங்கே பரிசோதிக்கலாம் என்று கேளுங்கள் அண்ணா, மற்றதெல்லாம் அப்புறம்.

பள்ளிகொண்டாத் தோப்பு எழுதியது:

எங்கள் போர்த் தண்ணீர் குடிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பரிசோதிக்கிறேன். ஐயா சொன்ன வெயில் விஷயத்தில் ஒரு சந்தேகம். இந்தியாவில் கோகோ அதிகம் விளைவது ஆந்திராவில், அதுவும் ஏலூர், மேற்கு கோதாவரி பக்கம். அங்கேயும் கோடையில் 40 தாண்டுகிறதே? பொள்ளாச்சியிலும் 1500 மில்லிமீட்டர் மழை ஒன்றும் பெய்வதில்லை.

காட்பாடி தோட்டக்கலை (பணி ஓய்வு) எழுதியது:

நியாயமான கேள்வி. கோதாவரி மாவட்டங்களில் தென்னைக்கும் எண்ணெய்ப்பனைக்கும் கீழே வளர்க்கிறார்கள், வெயில் நேராக விழுவதில்லை. கடல் பக்கம், வாய்க்கால் பாசனம், நிலத்தடி நீர் எல்லாம் சேர்ந்து காற்றில் ஈரம் இருக்கிறது. பொள்ளாச்சி ஆனைமலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் ஆழியாற்று வாய்க்காலும் உண்டு. ஆக, வெயில் அளவு மட்டும் இதைத் தீர்மானிக்காது. பெரிய தோப்புகளுக்கு நடுவில் ஒரு துண்டு என்றால் உள்ளே ஈரம் நிற்கும். சுற்றிலும் மானாவாரிக் கொல்லையாக இருந்து நடுவில் உங்கள் தோப்பு மட்டும் தனியாக நின்றால் நிற்காது. உங்கள் மேற்கு எல்லையில் என்ன இருக்கிறது?

பள்ளிகொண்டாத் தோப்பு எழுதியது:

கிழக்கே சித்தப்பா தோப்பு, வடக்கே ஆறு. மேற்கே நிலக்கடலைக் கொல்லைதான்.

திருப்பத்தூர் வரலாறு எழுதியது:

நான் விவசாயி இல்லை, கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் 2024 விலையைச் சொன்னதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோகோவை மனிதர்கள் பயன்படுத்தியதற்கு இதுவரை கிடைத்த பழைய தடயம் ஈக்வடாரின் தென்கிழக்கில், சாந்தா ஆனா லா புளோரிடா என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே கிடைத்த பானைகளில் ஒட்டியிருந்த மிச்சத்தை ஆராய்ந்து 5300 வருடப் பழமை என்று 2018-ல் வெளியிட்டார்கள். அங்கிருந்து வடக்கே போய் மெக்சிகோ, குவாதமாலா பக்கம் மாயா, அஸ்டெக் மக்களிடம் அது பானமாகவும் பணமாகவும் ஆனது. மிளகாய் போட்டு, நுரை வர உயரத்திலிருந்து ஊற்றிக் கசப்பாகக் குடித்தார்கள். 1545-ல் மெக்சிகோவின் திலாஷ்காலாவில் எழுதிய ஒரு விலைப்பட்டியலில் நல்ல வான்கோழிப் பெட்டைக்கு நூறு கொட்டை, பெரிய தக்காளிக்கு ஒரு கொட்டை. கொட்டையின் உள்ளே மண் அடைத்துக் கள்ளப்பணம் செய்தவர்களும் இருந்தார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கு இது வந்தது நேற்றில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து அம்போய்னா தீவைப் பிடித்தது. அங்கிருந்து கொண்டுவந்து 1798-ல் குற்றாலத்தில் கோகோ நட்டார்கள், கிரியோல்லோ என்ற மென்மையான வகை. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806-க்கு எட்டு வருடம் முன்னால் நம் மாகாணத்தில் கோகோ மரம் நின்றிருக்கிறது. ஆனால் அது பரவவில்லை. இன்று நாம் பார்ப்பதெல்லாம் 1960-களுக்குப் பிறகு, கேட்பரி நிறுவனம் வயநாட்டில் முன்மாதிரித் தோட்டம் போட்டு ஆரம்பித்ததன் தொடர்ச்சி, பெரும்பாலும் போராஸ்டெரோ வகை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேரளத்தில் 1970-களில் விலை ஏறியது, எல்லோரும் நட்டார்கள், 1980-களின் ஆரம்பத்தில் விலை விழுந்ததும் நட்ட கையாலேயே வெட்டினார்கள். மலேசியாவில் 1990 அளவில் இரண்டரை லட்சம் டன் வரை விளைந்தது. காய் துளைக்கும் புழுவும் விலையும் சேர்ந்து அடித்ததில் நிலம் எண்ணெய்ப்பனைக்குப் போய் இன்று பெயரளவுக்குத்தான் இருக்கிறது. பிரேசிலின் பாஹியாவில் 1989-ல் ஒரு பூசண நோய் தோன்றி, நான்கு லட்சம் டன் அளவில் இருந்த நாட்டின் விளைச்சலைப் பத்துப் பதினோரு வருடத்தில் ஒரு லட்சம் டன் பக்கம் இறக்கிவிட்டது. 2024-ல் நீங்கள் பார்த்த விலை எப்படி வந்தது? கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் மரங்கள் கிழடு தட்டிவிட்டன, தண்டு வீங்கும் வைரஸ் நோய், காய் கருத்து அழுகும் நோய், காலம் தவறிய மழை. உலகச் சந்தையில் டன் 10 ஆயிரம் டாலரைத் தாண்டியது, அந்த வருடக் கடைசியில் 12 ஆயிரம்கூடப் போனது. 2025-ல் அதில் பாதிக்கு இறங்கிவிட்டது. நீங்கள் இன்று நட்டால் மூன்றாம் வருடம் காய், ஐந்தாறு வருடத்தில்தான் முழு விளைச்சல். அன்றைக்கு விலை என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. 2024-ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

குடியாத்தம் நெசவு எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன், இது வேண்டாத வேலை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நம் மண்ணுக்கு என்று பயிர் இருக்கும்போது அமேசான் மரம் எதற்கு?

பள்ளிகொண்டாத் தோப்பு எழுதியது:

அண்ணா, கத்தரி தென்னை நிழலில் வராதே. நிழலில் வரும் பயிர்களில் ஒன்றைத்தானே தேடுகிறேன். மிளகாயும் தக்காளியும்கூட வெளியிலிருந்து வந்தவைதான், கோகோ வந்த அதே அமெரிக்கப் பக்கத்திலிருந்து. இன்றைக்கு அவை இல்லாமல் நம் வீட்டில் குழம்பு கிடையாது.

வரலாற்றுப் பாடத்துக்கு நன்றி அக்கா. ஒன்று கேட்கிறேன், ஆப்பிரிக்காவில் இதை நட்டவர்களும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள்தானா? நம் நீலகிரித் தேயிலை மாதிரி?

திருப்பத்தூர் வரலாறு எழுதியது:

இரண்டும் நடந்தது, இதைக் கேட்டதற்கு மகிழ்ச்சி.

மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் சாவோ தோமே தீவில் போர்த்துக்கீசியர்கள் பெருந்தோட்டம் போட்டார்கள். ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் திரும்பிப் போக முடியாமல் அடிமைகளாகவே வாழ்ந்து செத்தார்கள். அது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையாகி, 1909-ல் இங்கிலாந்துச் சாக்லேட் நிறுவனங்கள் அங்கே வாங்குவதை நிறுத்தின. அஸ்ஸாம் தேயிலைக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போன நம் ஜனங்களின் கதையைத் தெரிந்தவர்களுக்கு இது மனதைப் பிசையும்.

கானாவின் கதை வேறு. அன்றைக்கு அதன் பெயர் கோல்ட் கோஸ்ட். டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் 1879-ல் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொண்டுவந்து மாம்போங் என்ற ஊரில் நட்டார். அதன் பிறகு சின்ன விவசாயிகள் தாங்களே நிலம் வாங்கி, காட்டைத் திருத்தி நட்டுக்கொண்டே போனார்கள். 1911-க்குள் உலகத்திலேயே அதிகம் விளைவிக்கும் இடம் அது. அங்கே முதலாளி விளைநிலத்தில் இல்லை, வாங்கும் இடத்தில் இருந்தான். 1937-ல் ஐரோப்பிய வியாபார நிறுவனங்கள் தங்களுக்குள் கூடி விலையைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டபோது விவசாயிகள் கொட்டையை விற்க மாட்டோம் என்று மாதக்கணக்கில் பிடித்து வைத்தார்கள். இங்கிலாந்து அரசே விசாரணைக் குழு அனுப்ப வேண்டி வந்தது. எனக்குக் கோகோவின் வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி இது. இன்றைக்கும் உலகக் கோகோவில் பெரும்பங்கு சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு குடும்பங்கள் விளைவிப்பதுதான். சாக்லேட் விலையில் அவர்கள் கைக்கு வருவது மிகச் சிறிய பங்கு, வறுமையால் பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு அனுப்பும் கொடுமை இன்னும் ஓயவில்லை.

ஆனைமலை மருமகன் எழுதியது:

சொந்த ஊர் அணைக்கட்டு, கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்து மாமனார் தோப்பில் கோகோ பார்த்துக்கொள்கிறேன். நடைமுறையை நான் சொல்கிறேன்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு மரத்தில் வருடம் ஒரு கிலோ காய்ந்த கொட்டை எதிர்பார்க்கலாம். ஏக்கருக்கு 150 முதல் 200 மரம். கிலோ 200 ரூபாய் என்றால் (2023-க்கு முன்னால் அவ்வளவுதான் இருந்தது) முப்பது நாற்பதாயிரம். அந்த விலைக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள், கட்டுப்படியானால் மட்டும் இறங்குங்கள். அதற்கு மேலே வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை எங்கே இருக்கிறது என்றால் கவாத்தில். அடியிலிருந்து நேராகக் கிளம்பும் நீர்ப்போத்தை விட்டுவிட்டால் மரம் தென்னையோடு போட்டி போட்டு மேலே ஓடும், காய் எட்டாது, உள்ளே இருட்டாகும், மழைக்காலத்தில் காய் அழுகல் பிடிக்கும். போத்து ஒடிப்பதை வருடம் முழுக்கச் செய்ய வேண்டும், அதோடு வருடாவருடம் ஒரு கவாத்து. அணில் பழுத்த காயை ஓட்டை போட்டுச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பிவிடும். எலியும் அப்படித்தான். பழுத்ததும் தாமதிக்காமல் பறிப்பதுதான் மருந்து. தேயிலைக் கொசு என்ற பூச்சி பிஞ்சைக் குத்திக் கரும்புள்ளி போடும். 2016-லிருந்து தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்துவிட்டது, அது மேலே உட்கார்ந்து ஒழுக்கும் பிசின் கோகோ இலைமேல் விழுந்து கரும்பூசணம் படிகிறது. கண்டபடி மருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்கும் பூச்சியும் சேர்ந்து செத்துவிடும், ஆகவே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நல்லது ஒன்றையும் சொல்ல வேண்டும். கோகோ உதிர்க்கும் இலை அவ்வளவும் மூடாக்கு. எங்கள் தோப்பில் களை அநேகமாக இல்லை, மண்ணைக் கிளறினால் மண்புழு. தென்னைக்கும் அதனால் நன்மைதான். ஒருவேளை வருமானம் குறைந்தாலும் இந்த மண்ணுக்காக நான் இதை வைத்திருப்பேன்.

பள்ளிகொண்டாத் தோப்பு எழுதியது:

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கிடைத்ததில் சந்தோஷம்! விற்பது எப்படி மச்சான்? ஈரக் கொட்டையாகவா, காயவைத்தா?

ஆனைமலை மருமகன் எழுதியது:

எங்கள் ஊரில் ஈரக் கொட்டையாகவே வாங்கிக்கொள்ள ஆள் வருகிறார்கள், ஏனென்றால் தோட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றன. பள்ளிகொண்டாவில் நீங்கள் ஒருவர் மட்டும் வைத்தால் யாரும் வண்டி எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். மூன்று கிலோ ஈரக் கொட்டை காய்ந்தால் ஒரு கிலோ. நீங்களே புளிக்க வைத்துக் காயவைத்தாக வேண்டும், அதைப் படிக்காமல் கன்று வாங்காதீர்கள்.

சத்துவாச்சாரி சாக்லேட் எழுதியது:

இந்த இடத்தில் நான் புகுந்துகொள்கிறேன். வீட்டில் சின்ன அளவில் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்து விற்கிறேன். எனக்கு வரும் கொட்டையில் பாதிப் பிரச்சினை புளிக்க வைப்பதில்தான்.

உடைத்த அன்றே கொட்டையைச் சதையோடு மரப்பெட்டியிலோ மூங்கில் கூடையிலோ கொட்டி, வாழை இலை போட்டு மூடி, மேலே சாக்கு. முதலில் ஈஸ்ட் வேலை செய்து கள் வாசனை வரும், சதை உருகி நீராக வடியும், அது வடிய அடியில் ஓட்டை வேண்டும். அப்புறம் கிளறிக் காற்று படவிட்டால் காடி நெடி மூக்கைத் துளைக்கும், சூடு 45 பாகைக்கு மேல் ஏறும், கைவிட்டால் சுடும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும்தான் விதையின் முளை சாகிறது, உள்ளே இருக்கும் ஊதா பழுப்பாகிறது, வறுக்கும்போது சாக்லேட் வாசனையாக மாறப்போகும் பொருள்கள் எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. இந்த இடத்தில் தவறிய கொட்டையை எந்த இயந்திரத்தில் அரைத்தாலும் திருத்த முடியாது. ஐந்து ஆறு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் கிளற வேண்டும். கொட்டை குறைவாக இருந்தால் சூடே ஏறாது, ஐம்பது கிலோவுக்குக் கீழே எனக்குத் தெரிந்தவர்கள் படாதபாடு படுகிறார்கள். அதனால்தான் தனியாக வைக்காதீர்கள், சித்தப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

காயவைப்பதில் நம் ஊருக்கு ஈடு இல்லை. ஈரம் 7 சதவீதத்துக்கு வர வேண்டும். கேரளத்தில் ஆனி ஆடி மழையில் கொட்டை பூசணம் பூத்துப்போகிறது, புகையில் காயவைத்துப் புகை வாசனை ஏறிவிடுகிறது. நம் வெயிலில் பாயில் பரப்பினால் ஒரு வாரம் போதும். முதல் நாள் மட்டும் கொஞ்சம் மெதுவாகக் காய விடுங்கள், இல்லாவிட்டால் மேல்தோல் இறுகிக் காடி உள்ளேயே நின்றுவிடும்.

நல்ல கொட்டை வேலூரிலேயே கிடைக்கும் என்றால் நான் வாங்கத் தயார். என் தேவை கொஞ்சம்தான், ஆனால் சந்தை விலைக்கு மேல் தருவேன். ஆரோவில் பக்கமும் தமிழ்நாட்டுக் கொட்டையைத் தேடி வாங்கும் சாக்லேட் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆம்பூர் பைபாஸ் எழுதியது:

இதைப் படித்த பிறகு எனக்கே ஆசை வருகிறது, எங்கள் கிணறுதான் இடம் கொடுக்காது.

பள்ளிகொண்டாத் தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, உப்பு குறைவு, பாசனத்துக்கு ஏற்றது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தோப்பு முழுக்க நடும் யோசனையை விட்டுவிட்டேன். போருக்குப் பக்கத்தில், கிழக்கே சித்தப்பா தோப்பை ஒட்டிய நான்கு வரிசையில் மட்டும் ஆரம்பிக்கிறேன். சித்தப்பாவும் அவர் பக்கத்தில் அதே அளவு வைப்பதாகச் சொல்லிவிட்டார், புளிக்க வைக்கும் பெட்டி இருவருக்கும் பொது. கிலோ 200 ரூபாய்க் கணக்கில்தான் திட்டம் போட்டிருக்கிறோம். மேற்கு எல்லையில் காற்றுத் தடுப்பாகச் சவுக்கும் அகத்தியும் நடலாமா ஐயா? கன்று எந்த வகை, எப்போது?

காட்பாடி தோட்டக்கலை (பணி ஓய்வு) எழுதியது:

சவுக்கு நல்லது, வெளி வரிசையாக வையுங்கள். அகத்தி சீக்கிரம் வளரும், ஆனால் ஆயுள் கம்மி, அது சவுக்கு எழும்பும் வரைக்கும்தான். காற்றுத் தடுப்பை இந்த வருடமே நட்டுவிட்டு, கோகோவை அடுத்த ஆடிக்குத் தள்ளிப் போடுங்கள், ஒரு வருடம் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை. ஆடியில் நட்டால் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பார்த்துவிட்டுக் கோடைக்குள் போகும்.

வகையில் கவனம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கோகோ ஆராய்ச்சித் திட்டம் சி.சி.ஆர்.பி. 1, 2 என்று எண் போட்டு வெளியிட்ட ஒட்டுக் கன்றுகள் நன்றாகக் காய்க்கின்றன, ஆனால் அவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே எண் உள்ள கன்றாக வாங்கி நட்டால் பூ கொட்டிக்கொண்டே இருக்கும், காய் பிடிக்காது. மூன்று நான்கு எண்கள் கலந்து வாங்கி வரிசை மாற்றி நடுங்கள். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் ஊடுபயிர் பற்றிக் கேட்டுவிட்டுப் போங்கள், ஆனைமலைக்காரர் பக்கத்தில்தான் இருக்கிறார். தென்னையின் அடியிலிருந்து ஆறடிக்குள் குழி எடுக்க வேண்டாம், இரண்டு தென்னை வரிசைக்கு நடுவில் ஒற்றை வரிசை, கன்றுக்குக் கன்று பத்தடி. முதல் கோடையில் ஒவ்வொரு கன்றுக்கும் மேற்குப் பக்கம் தென்னை மட்டையைச் சாய்த்து நட்டு மறைத்துவிடுங்கள், கன்றைச் சுற்றிச் சருகு கனமாகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி.